துண்டிக்கப்படாத அழைப்பு

இதை நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. ஆனால் இது நடந்தது. எனக்கு நடந்தது. நான் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கும் ஆள். அந்த ஞாயிற்றுக்கிழமை வரை பேயைவிடக் கரண்ட் போவதுதான் எனக்குப் பெரிய பயம்.

பேய்க் கதை என்றால் நடுராத்திரி வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்பார்கள். மன்னிக்கவும். எனக்கு நடந்தது மத்தியானம். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. நேரங்களை ஒரு நிமிடம் பிசகாமல் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வேலையில் எதைச் செய்தாலும் நேரத்தோடு நோட்டில் எழுதி வைப்போம். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் 3.16-க்குப் பிறகு என் கையெழுத்து எனக்கே புரியாது.

நான் வேலை பார்த்தது ஓர் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில். மேலே பெரிய ஹால், பதினாறு மேசை, பதினாறு பேர் ஹெட்போனோடு. கீழே தரைக்கு அடியில் சர்வர் அறை. சன்னல் கிடையாது. மொபைலுக்கு சிக்னலும் கிடையாது. மேசையில் ஒரு பழைய தொலைபேசி மட்டும் உண்டு.

வேலை என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் இருபது முப்பது கம்ப்யூட்டர்கள் தனித்தனியாக இருப்பதுபோல ஒரு பாவனை. ஒவ்வொன்றுக்கும் ஒரு டிஸ்க் உண்டு. அதுவும் பாவனைதான். நிஜத்தில் அது ஒரு பெரிய கோப்பு. உள்ளே எழுத எழுத அது பெருத்துக்கொண்டே போகும். உள்ளே இருப்பதை அழித்தாலும் தானாகச் சுருங்காது. என் தொப்பை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம்தான் உட்கார்ந்து குறைக்க வேண்டும்.

வருகிற அழைப்புகளையெல்லாம் பதிவு செய்யும் மெஷின் ஒன்று இருந்தது. ஓர் அழைப்புக்கு ஒரு கோப்பு. தொண்ணூறு நாள் ஆனதும் தானாக அழிந்துவிடும். உள்ளே இருந்த கோப்புகளைக் கூட்டினால் 310 ஜிபிதான் வந்தது. அதன் டிஸ்க்கோ மூன்று டெரா. பத்து மடங்கு. எனக்கு முன்னால் இருந்த அட்மின் கேட்டவருக்கெல்லாம் இடத்தை அள்ளிக் கொடுப்பவர். ஆபீஸில் அவருக்குத் ‘தாராளம்’ என்றே பெயர். இதுவும் அவர் கைங்கரியம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் எல்லா மெஷின்களும் இருக்கும் சேமிப்புப் பெட்டி 97 சதவீதம் நிரம்பியிருந்தது. நூறைத் தொட்டால் எல்லாம் அப்படியே உறைந்து நிற்கும், ஆம்புலன்ஸை அனுப்பும் மெஷின் உட்பட. அதனால் ஞாயிறு ஒரு மணியிலிருந்து ஐந்து மணி வரை எனக்கு நேரம் ஒதுக்கினார்கள். அந்த நேரத்தில் அழைப்புகள் வரும், ஆனால் பதிவாகாது.

எனக்கு அன்று போக மனமே இல்லை. என் மனைவிக்கு எட்டாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. ரொம்ப நேரம் தனியாக விடாதீர்கள் என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லியிருந்தார். மாமியார் புதன்கிழமைதான் வருவதாக இருந்தது. அந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மூன்றாவது மாடி. பக்கத்து வீட்டில் ஆள் இல்லை.

கிளம்பும்போது கதவுவரை வந்தாள்.

“எத்தன மணிக்கு வருவீங்க?”

“நாலு மணிக்கெல்லாம் கிளம்பிடுவேன். தலை சுத்துனா படுத்துக்கோ. ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிடு.”

“உங்க டிஸ்க்குக்கு இருக்குற கவனிப்பு எனக்கு இல்ல” என்று சிரித்தாள். மணி 11.38. நான் படியிறங்கினேன்.

1.00. வேலையைத் தொடங்கினேன். முதலில் மெஷினின் முழு நகல் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். டிஸ்க்கைக் குறைப்பதில் வரிசை முக்கியம். ஓர் அறையைச் சின்னதாக்க வேண்டுமென்றால், முதலில் கட்டில் பீரோவையெல்லாம் ஒரு பக்கமாக நகர்த்திவிட்டுத்தான் சுவரை நகர்த்த வேண்டும். சுவரை முதலில் நகர்த்தினால் கட்டில் பாதியாக வெட்டுப்படும். இந்தத் தவறைச் செய்து வேலை போனவர்களை எனக்குத் தெரியும்.

1.22. மெஷினின் நெட்வொர்க்கைத் துண்டித்தேன். இனி எந்த அழைப்பும் உள்ளே வராது.

1.40. உள்ளே இருப்பதை முன்பக்கமாக நகர்த்தச் சொன்னேன். நகர்த்தியது. பிறகு எவ்வளவு குறைக்கலாம் என்று கேட்டேன். மூன்று டெராவில் வெறும் 4 ஜிபி குறைக்கலாம் என்றது. டிஸ்க்கின் கடைசி ஓரத்தில் ஏதோ ஒன்று நகர மறுக்கிறதாம்.

இது சகஜம்தான். சில கோப்புகள் அடம்பிடிக்கும். யாராவது திறந்து வைத்திருந்தால் நகராது. மூடினால் நகரும். இது என்ன கோப்பு என்று தேட இருபது நிமிடம் ஆனது.

2.05. கிடைத்தது. ஒரு குரல் பதிவு. அளவு: பூஜ்யம்.

எழுதி முடிக்காத கோப்புக்கு அளவு பூஜ்யம் என்றே காட்டும். மூடும்போதுதான் உண்மையான அளவு தெரியும். ஏதோ பழைய அழைப்பு பாதியில் சிக்கிக்கொண்டது போல என்று நினைத்தேன். தொடங்கிய தேதியைப் பார்த்தேன். இரண்டு வருடம் நாலு மாதத்துக்கு முன்னால்.

வேறொரு வழியில் அதன் உண்மையான அளவைக் கேட்டேன். 2.3 டெரா.

ஒரே ஓர் அழைப்பு... 2.3 டெரா.

மறுபடி கேட்டேன். கடைசி இலக்கங்கள் மாறியிருந்தன. இன்னொரு தடவை கேட்டேன். மறுபடி மாறியிருந்தன. அது வளர்ந்துகொண்டிருந்தது.

நெட்வொர்க் துண்டித்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. நான் எழுந்துபோய் ஒயரையே கையால் பிடுங்கிப் போட்டேன். வந்து பார்த்தேன். வளர்ந்துகொண்டுதான் இருந்தது.

2.20. பதிவு செய்யும் புரோகிராமை நிறுத்தினேன். வளர்ந்தது.

2.31. மெஷினையே அணைத்தேன். நாலு நிமிடம் கழித்து, 2.35-க்கு எழுப்பினேன். அதே கோப்பு திறந்து கிடந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். மெஷின் அணைந்திருந்த அந்த நாலு நிமிடமும் அதில் சேர்ந்திருந்தது.

அணைந்த மெஷினில் யார் எழுதியது?

அறையில் ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. எனக்கு முதுகு வியர்த்தது. ஆனாலும் மனசு விடவில்லை. ஏதாவது கோளாறாக இருக்கும், நமக்குத் தெரியாதது ஆயிரம் இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மேசைத் தொலைபேசியை எடுத்துத் தாராளத்தைக் கூப்பிட்டேன். அவர் இப்போது வேறு இடத்தில் வேலை பார்க்கிறார். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

“அண்ணா, அந்த ரெக்கார்டிங் மெஷின் டிஸ்க்கக் குறைக்கப் பாக்குறேன். ஒரு ஃபைல்...”

“அந்த மெஷினத் தொட்டுட்டீங்களா?”

“ஆமா. ஏண்ணா?”

மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

“அண்ணா?”

“குறைக்காதீங்க தம்பி. கூட்டிக் குடுங்க. நான் ஆறு தடவ கூட்டிக் குடுத்தேன்.”

“அது என்ன ஃபைல்?”

“அது ஃபைல் இல்ல. போன் கால். இன்னும் வைக்கல.”

வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

2.50. என் முன்னால் ஒரு வழி இருந்தது. திறந்திருக்கும் கோப்பை வலுக்கட்டாயமாக மூடி, அதன் இடம் முழுக்கப் பூஜ்யத்தை எழுதிவிடலாம். ஒரே கட்டளை. அதோடு எல்லாம் சுத்தம். டிஸ்க் சிக்கென்று சுருங்கிவிடும். நாலு மணிக்கு நான் கிளம்பலாம். கட்டளையை அடித்தும்விட்டேன். விரல் கடைசிப் பொத்தான்மேல் இருந்தது.

ஏன் நிறுத்தினேன் என்று இன்றுவரை தெரியாது. தைரியம் என்று சொன்னால் பொய். வெறும் ஆர்வக்கோளாறு. அழிப்பதற்கு முன்னால் உள்ளே என்னதான் இருக்கிறது என்று கேட்டுவிடலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

3.02. ஹெட்போனை மாட்டினேன். எங்கள் பதிவில் இடது காதில் கூப்பிட்டவர், வலது காதில் எங்கள் ஹால். அந்தக் கோப்பின் கடைசிக்குப் போனேன். இந்த நிமிடம் பதிவாகிக்கொண்டிருப்பதை அப்படியே கேட்டேன்.

வலது காதில் ஒன்றுமில்லை.

இடது காதில் ஓர் அறை. மின்விசிறி... கட்டக்... கட்டக்... என்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சின்னச் சத்தம். தூரத்தில் குழாய் சொட்டும் ஓசை. கீழே எங்கோ ஒரு வண்டி பின்னால் எடுக்கும் பீப் பீப்.

அந்த மின்விசிறிச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தமாக இருந்தது.

மின்விசிறி எல்லாம் ஒரே மாதிரிதானே கத்தும் என்று நினைத்தேன். அப்போது ஒரு பெண் முணுமுணுப்பாகப் பாடிக்கொண்டு அந்த அறையைக் கடந்து போனாள். வார்த்தை இல்லை. மெட்டு மட்டும். பாதி மெட்டில் நிறுத்தி, தொண்டையைச் செருமி, மறுபடி முதலிலிருந்து...

என் மனைவி அப்படித்தான் பாடுவாள்.

பதிவைப் பின்னால் ஓட்டினேன். அன்று காலை, 11.38.

‘எத்தன மணிக்கு வருவீங்க?’

‘நாலு மணிக்கெல்லாம் கிளம்பிடுவேன்.’

என் குரல்.

என் செருப்புச் சத்தம். என் கதவு.

எங்கள் வீட்டில் தொலைபேசியே கிடையாது. நாங்கள் இருவரும் மொபைல்தான். வரவேற்பறைச் சுவரில், செருப்பு அலமாரிக்குப் பின்னால், ஒயர் இல்லாத ஒரு பழைய தொலைபேசிப் பெட்டி மட்டும் உண்டு. பெயின்ட் அடித்து மூடியிருந்தார்கள்.

3.12. மறுபடி கடைசிக்குப் போனேன். மின்விசிறி. குழாய். பாட்டு நின்றிருந்தது.

அதற்குப் பதிலாக வேறொன்று கேட்டது.

மூச்சு.

அறையில் இல்லை. போனுக்கு மிக அருகில். ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்திருக்கும் ஒருவரின் மூச்சு. என் மனைவியின் மூச்சு இல்லை அது. வயதான மூச்சு. சளி கட்டிய மூச்சு.

உள்ளே... வெளியே...

3.15. தூரத்தில் என் மனைவி, “அம்மா...” என்றாள்.

பிறகு, தொப்.

ஏதோ பாத்திரம் உருண்டது. உருண்டு உருண்டு நின்றது.

மூச்சு விட்டுக்கொண்டிருந்தவர் மூச்சை நிறுத்தினார்.

3.16. மேசைத் தொலைபேசியில் மனைவியின் மொபைலைக் கூப்பிட்டேன். வலது கையில் ரிசீவர். இடது காதில் ஹெட்போன்.

ரிசீவரில் மணி அடித்தது.

ஹெட்போனில் அவள் மொபைல் அடித்தது.

நான் வைத்துக்கொடுத்த அதே மணியோசை. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

“என்னங்க...” என்று ஒரு முனகல்.

அதன்மேல், போனுக்கு ஒட்டினாற்போல, இன்னொரு குரல். ஒரு பெண்ணின் குரல். காய்ந்துபோன குரல்.

“இன்னும் வரல.”

நான் ஹெட்போனை வீசிவிட்டு ஓடினேன். இரண்டு மாடி. லிஃப்டுக்காக நிற்கவில்லை. ஹாலில் அன்றைய பொறுப்பு ஷிஃப்ட் அக்காவுக்கு. இருபது வருடமாக இந்த வேலை பார்ப்பவர். தலையில் இடி விழுந்தாலும் குரல் உயராது.

“அக்கா, என் வீட்டுக்கு வண்டி. என் பொண்டாட்டி விழுந்துட்டா. எட்டு மாசம்.”

வேறு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. விலாசத்தைக் கேட்டு அடித்தார். அடித்தவர் நிறுத்தினார்.

“தம்பி, இந்த அட்ரஸுக்குச் சிவப்புக் குறி இருக்கு.”

“என்ன குறி?”

“பொய்யா போன் கால் வந்த வீடு. மேலதிகாரியக் கேக்காம வண்டி அனுப்ப முடியாது.”

“அது என் வீடுக்கா!”

“உங்களுக்கு யாரு சொன்னா? போன் பண்ணாங்களா?”

என்ன சொல்வது? கீழே சர்வரில் கேட்டேன் என்றா?

“கேட்டேன்க்கா. நானே கேட்டேன். சத்தியமா.”

என் முகத்தை ஒரு நொடி பார்த்தார். குறியைத் தாண்டி அனுப்பும் பொத்தானை அழுத்தினார். அது அவர் வேலைக்கே உலை வைக்கும் பொத்தான். மணி 3.22.

“பன்னெண்டு நிமிஷத்துல போயிடும். நீங்க இங்கயே இருங்க. உங்களுக்கு அம்பது நிமிஷம் ஆகும்.”

அங்கே நிற்க முடியவில்லை. என் மனைவி எப்படி இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள உலகத்திலேயே ஒரே ஓர் இடம்தான் இருந்தது. மறுபடி கீழே இறங்கினேன். தரையில் கிடந்த ஹெட்போனை எடுத்து மாட்டினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதுகொண்டுதான் மாட்டினேன்.

“இன்னும் வரல.”

அதே குரல்.

“இன்னும் வரல... இன்னும் வரல...”

மனைவியின் முனகல் நின்றுபோயிருந்தது.

3.29. மின்விசிறி. குழாய்.

“இன்னும் வரல.”

3.31.

“இன்னும் வரல.”

3.33. ஒன்றுமில்லை.

3.34.

டம்... டம்... டம்...

கதவு.

“உள்ள யாராவது இருக்கீங்களா?”

உடைகிற சத்தம். காலடிகள். ஓர் ஆண் குரல், “இங்க! இங்க இருக்காங்க! மூச்சு இருக்கு!” என்றது.

நான் மேசையில் தலையை வைத்துவிட்டேன். அப்போதுதான் இடது காதில், மிக அருகில், எனக்கென்றே சொல்வதுபோல அந்தக் குரல் கேட்டது.

“வண்டி வந்துடுச்சு.”

க்ளிக்.

ரிசீவரை வைக்கும் சத்தம்.

திரையில் அந்தக் கோப்பு மூடிக்கொண்டது. பூஜ்யம் மறைந்து உண்மையான அளவு வந்தது. அப்போது மணி 3.41.

மருத்துவமனைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மனைவியை அறுவை அறைக்குள் கொண்டுபோயிருந்தார்கள். 5.10-க்கு மகள் பிறந்தாள். ஒன்றே முக்கால் கிலோ. உள்ளங்கையில் அடங்கிவிடுவாள் போல இருந்தாள். இன்னும் கால் மணி நேரம் தாமதித்திருந்தால் இரண்டு பேரும் இல்லை என்றார் டாக்டர். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஒரு நர்ஸ் தண்ணீர் கொடுத்தார். டம்ளர் பல்லில் மோதிக்கொண்டே இருந்தது.

மனைவிக்கு எதுவும் நினைவில்லை. வீட்டில் யாரையும் பார்க்கவில்லை, எந்தக் குரலும் கேட்கவில்லை என்றாள். எப்படித் தெரிந்தது என்று கேட்டாள். மனசு சரியில்லை, போன் பண்ணினேன், நீ எடுக்கவில்லை, அதனால் வண்டி அனுப்பினேன் என்றேன். நம்பிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு விட்ட வேலையைத் தொடர்ந்தேன். நாற்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. அந்தக் கோப்பு மற்ற கோப்புகளைப் போல நகர்ந்து போனது. அதை வேறு பெட்டியில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, மெஷினிலிருந்து அழித்தேன். காலியிடத்தில் பூஜ்யம் எழுதினேன். டிஸ்க்கை 500 ஜிபிக்குக் குறைத்தேன். பழைய டிஸ்க்கை உடனே அழிக்கவில்லை. புதியது ஏழு நாள் ஒழுங்காக ஓடிய பிறகுதான் பழையதை அழிக்க வேண்டும். அது எங்கள் தொழில் பழக்கம்.

ஏழாம் நாள் தாராளம் தானாகவே கூப்பிட்டார்.

“அந்தக் கால் முடிஞ்சிடுச்சாமே?”

“முடிஞ்சிடுச்சு அண்ணா. அது யாரு?”

சொன்னார். நாங்கள் இருந்த அதே வீட்டில் எங்களுக்கு முன்னால் தனியாக இருந்த ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். ஒருநாள் காலையில் எங்கள் மையத்தைக் கூப்பிட்டார். வண்டி போனது. வீட்டில் அவரைத் தவிர யாருமே இல்லை. பொய் அழைப்பு என்று குறி போட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்கள். டீச்சர் ரிசீவரை வைக்கவில்லை. பதினோரு நாள் கழித்து வீட்டுக்காரர் கதவை உடைத்தபோது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தாராம். ரிசீவர் காதில். தொலைபேசி இணைப்பை அந்த மாதமே வெட்டிவிட்டார்கள். அழைப்பு மட்டும் முடியவில்லை.

“மொத நாப்பது நிமிஷம் நான் கேட்டிருக்கேன். நீங்க கேக்காதீங்க” என்றார்.

கேட்காதே என்றால் கேட்காமல் இருக்க முடியுமா? அன்றே கேட்டேன்.

இடது காதில் டீச்சர். அன்றைக்குக் குரல் காயவில்லை. தெளிவாக, வகுப்பில் பேசுவதுபோலப் பேசினார்.

‘ஒரு பொண்ணு விழுந்து கிடக்கும்மா. மாசமா இருக்கா. சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவுல. இடது கை அடியில மடங்கியிருக்கு. பக்கத்துல ஒரு எவர்சில்வர் சொம்பு கிடக்கு. சீக்கிரம் வண்டி அனுப்புங்க.’

அந்த ஞாயிறு உள்ளே போனபோது என் மனைவி எப்படிக் கிடந்தாள் என்று வண்டி ஆட்களிடம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். இடது கை. சொம்பு. எழுத்துக்கு எழுத்து அதேதான். இரண்டு வருடம் நாலு மாதத்துக்கு முன்னால், நாங்கள் அந்தத் தெருவையே பார்த்திராத காலத்தில், டீச்சர் அதைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

டீச்சர் கூப்பிட்ட அன்று வந்த வண்டி ஆட்கள் திட்டுவதும் அந்தப் பதிவில் இருக்கிறது. ‘இங்க யாரும் இல்லியேம்மா.’ ‘அதோ, உங்க காலடியில... கண்ணு தெரியலையா உங்களுக்கு?’

இவ்வளவையும் என் மனைவியிடம் பிறகு ஒருநாள் சொல்லிவிட்டேன். அழுதாள். டீச்சருக்காக விளக்கேற்றி வைத்தாள். அடுத்த மாதமே வீடு மாற்றினோம்.

அவளிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. டீச்சரின் முதல் வார்த்தைகளுக்கும் வண்டி வருவதற்கும் நடுவில், ஏழாவது நிமிடத்தில் வருவது. வலது காதில் எங்கள் ஹால் பெண் கேட்கிறாள்.

‘ஒருத்தர்தானேம்மா?’

‘இல்ல, ரெண்டு பேரு. அந்தப் பொண்ணுக்குப் பின்னால ஒரு குழந்தை நிக்குது.’

‘என்ன வயசு?’

‘நாலு இருக்கும். பொம்பளப் பிள்ள. அந்தப் பொண்ணோட அதே முகம்.’

‘குழந்தைக்கு அடி ஏதாவது பட்டிருக்கா?’

‘அடி இல்ல. உடம்பெல்லாம் ஈரம். தலையிலேர்ந்து தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கு. கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்குது.’

‘மூச்சு இருக்கா பாருங்கம்மா.’

மின்விசிறி மட்டும்... கட்டக்... கட்டக்...

‘ரெண்டு வண்டி அனுப்புங்க’ என்கிறார் டீச்சர்.

அன்று நான் ஒரு வண்டிதான் கேட்டேன்.

இப்போது நாங்கள் தரைத்தள வீட்டில் இருக்கிறோம். தொட்டி கிடையாது. பக்கெட்டில்கூடத் தண்ணீர் பிடித்து வைக்க விடமாட்டேன். மகளை நான்தான் குளிப்பாட்டுகிறேன், ஒரு குவளை ஒரு குவளையாக. குளிப்பாட்டி முடித்ததும் தலையைத் துவட்டுகிறேன், ஒரு சொட்டு இல்லாமல் காயும்வரை துவட்டுகிறேன். போதும்ப்பா, வலிக்குது என்கிறாள். என்ன பைத்தியம் இது என்று மனைவி திட்டுகிறாள்.

வரும் பன்னிரண்டாம் தேதி மகளுக்கு நாலு வயது.